நூறு வரியில் கதை சொன்ன டாக்டர்

சென்ற ஆண்டு நம் சங்கமத்தின்போது நடந்த விஷயம் இது. மதியச் சாப்பாடு முடிந்து, கேன்டீன் வாசல் வேப்பமரத்தடியில் பழைய கதை பேசிக்கொண்டிருந்தோம். மூன்றாம் ஆண்டு படிக்கும் தங்கை ஒருத்தி தயங்கித் தயங்கி வந்து நின்றாள். நான் அவ்வப்போது கதை எழுதுகிறவன் என்று யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். தானும் எழுதுவதாகவும், ஏழு கதைகளைப் பத்திரிகைகளுக்கு அனுப்பியதாகவும், ஏழில் ஒன்றுகூட அச்சாகவில்லை என்றும் சொன்னாள். அப்புறம் கேட்டாளே ஒரு கேள்வி! வேலைக்குப் போய்விட்டால் எழுத்து செத்துப்போய்விடுமா, அப்படியானால் இப்போதே படிப்பை நிறுத்திவிட்டு எழுத்தில் இறங்கிவிடலாமா என்று கேட்டாள்.

விளையாட்டாகக் கேட்கவில்லை; முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. வீட்டில் கடன் வாங்கிப் படிக்க வைக்கிறார்களாம். எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. படிப்பை மட்டும் விட்டுடாதம்மா என்று ஏதோ மழுப்பி அனுப்பிவிட்டேன். பஸ்ஸில் ஊர் திரும்பும்போது வழியெல்லாம் அதே நினைப்பு. இந்த ஆண்டு மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, அந்தத் தங்கைக்குப் பதிலாக ஒரு மனிதரின் வாழ்க்கையையே எழுதிவிடலாம் என்று தோன்றியது. அவர் இறந்து நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. தொழிலால் டாக்டர். உலகச் சிறுகதைக்கு இன்றைக்கும் அவர்தான் வாத்தியார். பெயர் அன்டன் செகாவ்.

மளிகைக் கடைப் பையன்

ரஷ்யாவின் தெற்கே, அசோவ் கடற்கரையில் தாகன்ரோக் என்றொரு துறைமுக ஊர். அங்கே 1860 ஜனவரி 29ஆம் தேதி செகாவ் பிறந்தார். தாத்தா பண்ணையடிமையாக இருந்தவர். காசு காசாகச் சேர்த்து 1841இல் தன்னையும் தன் குடும்பத்தையும் விலை கொடுத்து மீட்டவர். அப்பா பாவெல் மளிகைக் கடை வைத்திருந்தார். பக்திமான், ஆனால் பிள்ளைகளை அடிப்பதற்குக் கை கூசாதவர். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பையன் கடையில் உட்கார வேண்டும். தேவாலயப் பாட்டுக் குழுவிலும் பாட வேண்டும். தனக்குக் குழந்தைப் பருவம் என்ற ஒன்றே இருக்கவில்லை என்று பிற்காலத்தில் வருத்தப்பட்டிருக்கிறார். ஆனாலும் அந்தக் கடைக்கு வந்து போன மாலுமிகள், வண்டிக்காரர்கள், குமாஸ்தாக்கள் பேசிய பேச்செல்லாம் காதில் விழாமலா இருந்திருக்கும்?

1876இல் அப்பாவின் கடை திவால். கடனுக்காகச் சிறையில் போட்டுவிடுவார்களோ என்று பயந்து அவர் மாஸ்கோவுக்கு ஓடினார். கொஞ்ச நாளில் குடும்பமும் பின்னால் போயிற்று. பதினாறு வயது அன்டன் மட்டும் பள்ளிப் படிப்பை முடிப்பதற்காகத் தாகன்ரோகில் தங்கினார். எங்கே தெரியுமா? கைவிட்டுப் போன சொந்த வீட்டிலேயே ஒரு மூலையில்! புதிய சொந்தக்காரரின் உறவுப் பையனுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதுதான் அதற்கு வாடகை. வீட்டில் மிச்சமிருந்த சாமான்களை விற்று மாஸ்கோவுக்குப் பணம் அனுப்பினார். மூன்று வருஷம் இப்படி ஓடியது.

1879இல் ஊர் நகரசபை கொடுத்த மாதம் 25 ரூபிள் உதவித்தொகையோடு மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கச் சேர்ந்தார். அண்ணன்மார் இருவர். அலெக்சாந்தர் எழுத்தாளர், நிக்கலாய் ஓவியர். இருவருக்கும் திறமை உண்டு, குடியும் உண்டு. ஆகவே பத்தொன்பது வயது மூன்றாவது பிள்ளையின் தலையில் மொத்தக் குடும்பமும் வந்து இறங்கியது.

வரிக்கு ஐந்து கோப்பெக்

செகாவ் எழுத ஆரம்பித்தது இலக்கியம் படைப்பதற்காக என்று யாராவது நினைத்தால் அது தப்பு. வீட்டு வாடகைக்காக எழுதினார். நகைச்சுவைப் பத்திரிகைகள் அப்போது ரஷ்யாவில் சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தன. 1880 மார்ச்சில் பீட்டர்ஸ்பர்க் நகரத்தின் ‘ஸ்த்ரெகோசா’ இதழில் முதல் எழுத்து அச்சாயிற்று. ஸ்த்ரெகோசா என்றால் தும்பி. கூலி, வரிக்கு ஐந்து கோப்பெக். நூறு கோப்பெக் சேர்ந்தால் ஒரு ரூபிள்.

அந்தக் காலப் பத்திரிகைகளில் கதை திருப்பி அனுப்புவதோடு விடமாட்டார்கள். வாசகர் பதில் பகுதியில் இன்னாருடைய கதை தேறாது என்று எல்லோரும் பார்க்கும்படி அச்சடித்துவிடுவார்கள். செகாவும் அந்த அடியை வாங்கியவர்தான். ஏழு கதை திரும்பி வந்த என் தங்கைக்கு இதில் கொஞ்சம் ஆறுதல் இருக்கும் என்று நம்புகிறேன்!

1882இல் ‘ஓஸ்கோல்கி’ என்ற வார இதழின் ஆசிரியர் லேய்க்கினின் தொடர்பு கிடைத்தது. வரிக்கு எட்டுக் கோப்பெக் தந்தார். ஆனால் ஒரு கண்டிஷன். எந்தக் கதையானாலும் நூறு வரிக்கு மேல் போகக் கூடாது. வேறொருவராக இருந்தால் இந்தக் கட்டுப்பாட்டில் மூச்சு முட்டியிருக்கும். செகாவுக்கும் முட்டியது, லேய்க்கினிடம் குறைபட்டுக்கொண்டும் இருக்கிறார். ஆனால் அந்த நூறு வரிதான் அவருக்குப் பட்டறையாக அமைந்தது.

1883இல் அவ்விதழில் வந்த ‘ஒரு குமாஸ்தாவின் மரணம்’ கதையை எடுத்துக்கொள்ளுங்கள். நாடக அரங்கில் ஒரு சின்ன குமாஸ்தா தும்முகிறார். முன்வரிசையில் இருக்கும் ஒரு பெரிய அதிகாரியின் மேல் தெறித்துவிடுகிறது. மன்னிப்புக் கேட்கிறார். அதிகாரி பரவாயில்லை என்கிறார். மனசு கேட்காமல் மறுபடி கேட்கிறார், மறுபடி, மறுபடி... கடைசியில் அதிகாரி எரிந்து விழ, குமாஸ்தா வீட்டுக்கு வந்து உடுப்பைக்கூடக் கழற்றாமல் சோபாவில் படுத்துச் செத்துப்போகிறார். அவ்வளவுதான் கதை. முழுக்கச் சிரிப்பு, முடிந்த பிறகு ஒரு நடுக்கம். நம்ம பாஷையில் சொன்னால், எடையைக் குறைத்துப் பலத்தைக் கூட்டுகிற டிசைன். உருவ முடிகிற ஒரு வரிகூட அதில் இல்லை.

இதையெல்லாம் எந்த மாதிரி இடத்தில் உட்கார்ந்து எழுதினார்? 1883இல் லேய்க்கினுக்கு எழுதிய கடிதமொன்றில் அந்தச் சூழ்நிலையை விவரித்திருக்கிறார். பக்கத்து அறையில் விருந்தாளியாக வந்த உறவினரின் குழந்தை அழுகிறது. இன்னோர் அறையில் அப்பா அம்மாவுக்கு உரக்கப் புத்தகம் படித்துக் காட்டுகிறார். மேஜையில் மருத்துவப் பாடம் முறைக்கிறது. நம்ம ஹாஸ்டல் அறைகளில் இதைவிட அமைதி கிடைக்கும் என்பதை நண்பர்கள் ஒப்புக்கொள்வார்கள்!

1884இல் டாக்டர் பட்டம் கிடைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் முதன்முறையாக இருமலில் ரத்தம் வந்தது. டாக்டருக்குத் தெரியாதா, அது என்ன வியாதி என்று? தெரிந்தும், தெரியாத மாதிரியே பல வருஷம் ஓட்டினார்.

ஒரு பெரியவரின் கடிதம்

1886 ஜனவரியில் ‘துயரம்’ என்ற கதை வெளிவந்தது. பனி கொட்டும் இரவில் ஒரு கிழட்டுக் குதிரை வண்டிக்காரர். அந்த வாரம்தான் மகனைப் பறிகொடுத்திருக்கிறார். ஏறுகிற ஒவ்வொருவரிடமும் சொல்ல வாயெடுக்கிறார். கேட்க யாருக்கும் பொழுதில்லை. கடைசியில் லாயத்தில் தன் குதிரையிடம் சொல்லி முடிக்கிறார். இதை எழுதியபோது செகாவுக்கு ஏறக்குறைய 26 வயதுதான்.

அந்த மார்ச்சில் அவருக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் கிரிகோரோவிச் என்ற மூத்த எழுத்தாளர். ரஷ்ய இலக்கிய உலகில் மதிப்புக்குரிய பெரியவர். இளைஞரிடம் அசல் திறமை இருப்பதாகவும், அதை அவசர வேலையில் வீணடிக்கக் கூடாது என்றும், பசி கிடந்தாலும் பரவாயில்லை, பொறுமையாக எழுத வேண்டும் என்றும் சொல்லியிருந்தார். புனைபெயரை விட்டுச் சொந்தப் பெயரில் வெளியிடச் சொல்லியும் புத்தி சொன்னார். ‘அந்தோஷா செகோந்தே’ என்ற வேடிக்கைப் பெயரில்தான் அதுவரை பெரும்பாலும் எழுதிவந்தார் செகாவ்.

இடி விழுந்த மாதிரி ஆகிவிட்டது அவருக்கு. பதில் கடிதத்தில் மனம் விட்டு ஒப்புக்கொண்டார். இருபத்துநாலு மணி நேரத்துக்கு மேல் செலவிட்டு எழுதிய கதை ஒன்றுகூடத் தனக்கு நினைவில்லை என்றார். தன் எழுத்தைத் தானே மதிக்கவில்லை என்பதையும் சொன்னார். என்னைப் பொறுத்தவரை செகாவின் வாழ்க்கையில் இதுதான் திருப்பம். ஆறு வருஷம் எழுதி எழுதிக் கை தேறியிருந்தது. மதிக்கக் கற்றுக்கொண்டது அன்றைக்குத்தான்.

அதன் பிறகு கணக்கைப் பாருங்கள். 1886இல் நூற்றுக்கும் மேற்பட்ட உருப்படிகள் எழுதியவர், 1888இல் ஏறத்தாழ ஒரு டஜனோடு நிறுத்திக்கொண்டார். ‘ஸ்தெப்பி’ என்ற நெடுங்கதைக்கு ஒரு மாதத்துக்கு மேல் உட்கார்ந்தார். அந்த ஆண்டே அவருக்குப் புஷ்கின் பரிசு கிடைத்தது. அப்போதும் டாக்டர் தொழிலை விடவில்லை. மருத்துவம் தனக்கு மணந்த மனைவி என்றும், இலக்கியம் காதலி என்றும், ஒன்று சலித்தால் மற்றதிடம் போவதாகவும் பத்திரிகை அதிபர் சுவோரினுக்கு வேடிக்கையாக எழுதியிருக்கிறார்.

சகலின் முதல் கொழும்பு வரை

1889இல் அண்ணன் நிக்கலாய் காசநோயில் இறந்தார். அடுத்த ஆண்டு செகாவ் யாரும் எதிர்பாராத ஒரு காரியம் செய்தார். ரஷ்யாவின் கிழக்குக் கோடியில் கைதிகளைக் கொண்டுபோய் விடும் சகலின் தீவுக்குக் கிளம்பினார். சைபீரியா ரயில் பாதை அப்போது கிடையாது. குதிரை வண்டியிலும் படகிலுமாக ஏறக்குறைய மூன்று மாதப் பயணம். தீவில் மூன்று மாதம் தங்கிக் குடிசை குடிசையாக ஏறி இறங்கி, தன் கைப்பட ஆளுக்கொரு அட்டையில் விவரம் குறித்தார். பத்தாயிரம் பேருடைய கணக்கு என்பது அவர் மதிப்பு. கதை எழுதுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பெயர் என்ன, வயசென்ன, எங்கிருந்து வந்தாய் என்று பத்தாயிரம் தடவை கேட்ட மனிதர் அவர். தீவைப் பற்றிய அவருடைய புத்தகம் 1895இல் வெளிவந்தது.

திரும்பும் வழி கடல் மார்க்கம். ஹாங்காங், சிங்கப்பூர் வழியாக நம் பக்கத்து இலங்கைக்கு வந்தார்! 1890 நவம்பரில் கொழும்பில் இறங்கிக் கண்டிக்கும் போய் வந்தார். இலங்கையைச் சொர்க்கம் என்றே வருணித்தார். கீரிப்பிள்ளைகளை வாங்கி மாஸ்கோ வரை கொண்டுபோனார். ஆனால் அந்தச் சொர்க்கத்தில் உட்கார்ந்து அவர் எழுதத் தொடங்கிய ‘கூசெவ்’ கதையில் தென்னை மரம் இல்லை. கப்பலில் ஊர் திரும்பும்போது காசநோயில் செத்துப்போகும் ஒரு சாதாரண சிப்பாயின் கதை அது. வரும் வழியில் கப்பலில் இறந்த இருவரைத் துணியில் சுற்றிக் கடலில் இறக்கியதை அவர் கண்ணால் பார்த்திருந்தார். எதைப் பார்த்தால் கதையாகும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

1892இல் மெலிகோவோ என்ற கிராமத்தில் வீடும் நிலமும் வாங்கினார். அந்த ஆண்டு காலரா பயம் பரவியபோது 25 கிராமங்களுக்குச் சம்பளம் வாங்காமல் வைத்தியம் பார்த்தார். சுற்றுவட்டாரத்தில் மூன்று பள்ளிக்கூடங்கள் கட்டிக் கொடுத்தார். ‘ஆறாவது வார்டு’ போன்ற கதைகள் வந்ததும் இந்தக் காலத்தில்தான். நேரமில்லை, நேரமில்லை என்று நாம் சொல்வதைக் கேட்டால் என்ன நினைப்பாரோ!

மற்றவர்களுக்குச் சொன்ன புத்தி

செகாவ் கதைக்கலை பற்றிப் புத்தகம் எதுவும் எழுதவில்லை. கையெழுத்துப் பிரதியோடு வந்தவர்களுக்குக் கடிதம் எழுதினார். 1889இல் எலேனா ஷாவ்ரோவா என்ற பதினைந்து வயதுப் பெண் கொடுத்த கதையைத் திருத்திச் சுவோரினின் நாளிதழில் வெளியிடவே ஏற்பாடு செய்தார்.

அவர் சொன்னவற்றில் எனக்குப் பிடிபட்டதை மட்டும் சொல்கிறேன். 1886இல் அண்ணன் அலெக்சாந்தருக்கு எழுதும்போது, நிலவொளியை வருணிக்க வேண்டுமானால் நிலவைப் பற்றிப் பேசாதே, அணைக்கரையில் உடைந்த பாட்டில் துண்டு ஒன்று மினுங்குவதையும் ஒரு நாயின் நிழலையும் காட்டு, வாசகன் நிலவைத் தானே பார்த்துக்கொள்வான் என்ற அர்த்தத்தில் எழுதினார். பாத்திரங்களின் மனநிலையை நீ சொல்லாதே, அவர்கள் செய்கையில் தெரியட்டும் என்றார். சுருக்கம் வேண்டும், துணிச்சல் வேண்டும், கூடவே ஈரநெஞ்சும் வேண்டும் என்றார். அவீலோவா என்ற பெண் எழுத்தாளருக்கு, துக்கத்தை எழுதும்போது எழுதுகிறவர் குளிர்ந்து நிற்க வேண்டும், அப்போதுதான் துக்கம் எடுத்துக் காட்டும் என்றார். மக்ஸீம் கார்க்கி தன் கதைகளை அனுப்பியபோது மனதாரப் பாராட்டிவிட்டு, அடைமொழிகளை அடித்துத் தள்ளும்படி சொன்னார். ஒரு மனிதன் புல்லில் உட்கார்ந்தான் என்றால் உடனே மனதில் நிற்கும். அவன் உயரம், தாடி, புல்லின் நிறம், மிதிபட்ட விதம் எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் திணித்தால் மூளை திணறும் என்பது அவர் கருத்து. எழுதி முடித்தபின் கதையின் தொடக்கத்தையும் முடிவையும் அடித்துவிட வேண்டும், நாம் அதிகம் பொய் சொல்வது அங்கேதான் என்று புனினிடம் சொன்னதாக ஒரு தகவல். கீசெலியோவா என்ற தோழிக்கோ, விரல் ஒடியும் வரை எழுதிக்கொண்டே இருங்கள் என்று ஒரே அடியாகச் சொல்லிவிட்டார்.

இங்கே என் சொந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன். வேலையில் சேர்ந்த புதிதில் ஷிப்ட் முடிந்து வந்து பதினாலு பக்கத்தில் ஒரு கதை எழுதினேன். நான்கு இதழ்கள் திருப்பிவிட்டன. ஆசிரியர்களுக்கு ரசனை இல்லை என்று நண்பர்களிடம் புலம்பினேன். அப்புறம் புத்தகக் கண்காட்சியில், மாஸ்கோவில் அச்சான பழைய செகாவ் தமிழ்த் தொகுப்பு ஒன்று கிடைத்தது. படித்துவிட்டு என் கதையை எடுத்துப் பார்த்தால், முதல் இரண்டு பக்கமும் மழை! கதாநாயகன் மூன்றாம் பக்கத்தில்தான் பஸ்ஸைவிட்டு இறங்குகிறான். கடைசிப் பக்கத்தில் நான் மேடையேறி நீதி சொல்கிறேன். மழையை எடுத்தேன், ஒழுகுகிற பஸ் கூரைக்கடியில் பையைத் தலையில் வைத்துக்கொண்டு நிற்கும் கிழவி மட்டும் மிச்சம். நீதியையும் எடுத்தேன். பதினாலு எட்டாயிற்று. ஐந்தாவது இதழ் அதைப் போட்டது. ஆசிரியர்களின் ரசனையில் ஒரு குறையும் இல்லை, குறை முதல் இரண்டு பக்கத்தில் இருந்தது.

விழுந்ததும் எழுந்ததும்

செகாவுக்கு எல்லாமே ஏறுமுகம் என்று நினைத்துவிட வேண்டாம். ‘கடற்பறவை’ நாடகம் 1896 அக்டோபரில் பீட்டர்ஸ்பர்க்கில் அரங்கேறியபோது ஜனங்கள் கேலி செய்து கூச்சல் போட்டார்கள். பாதியில் வெளியேறி இரவெல்லாம் தெருவில் திரிந்துவிட்டு, மறுநாள் ரயிலேறி வீடு போய்ச் சேர்ந்தார். இனி நாடகமே எழுதுவதில்லை என்று சபதம் வேறு! இரண்டு வருஷம் கழித்து, 1898 டிசம்பரில் மாஸ்கோ கலை அரங்கம் அதே நாடகத்தைப் போட்டபோது கைதட்டல் அரங்கைக் குலுக்கியது. அந்த அரங்கத்தின் சின்னமே கடற்பறவையாகிவிட்டது. ஒரு வார்த்தையும் பிழையில்லாத எழுத்துக்கூட, சரியாகப் புரிந்துகொள்ளும் ஆட்களின் கைக்குப் போய்ச் சேர நாளாகும் போலிருக்கிறது.

இடையில், 1897இல் மாஸ்கோவில் ஓர் ஓட்டலில் சுவோரினோடு சாப்பிட உட்கார்ந்தவருக்கு வாயிலிருந்து ரத்தம் கொட்டியது. மறைத்த வியாதி வெளியே வந்துவிட்டது. டாக்டர்கள் தெற்கே யால்டாவுக்குப் போகச் சொன்னார்கள். 1899இல் மார்க்ஸ் என்ற பதிப்பாளர் 75,000 ரூபிளுக்கு அவருடைய எழுத்துரிமையை வாங்கினார். பணத்தை வாங்கிக்கொண்டு பழைய கதைகளை அப்படியே தூக்கிக் கொடுத்திருக்கலாம். செகாவ் என்ன செய்தார்? இருபது வருஷத்து நகைச்சுவைப் பத்திரிகைகளில் சிதறிக் கிடந்தவற்றைத் தேடிப் பிடித்து, இருமிக்கொண்டே ஒவ்வொன்றாகப் படித்தார். ஏராளமானவற்றை வேண்டாம் என்று ஒதுக்கினார். மிஞ்சியதை வரிவரியாகத் திருத்தினார். வாழ்நாள் குறைவு என்று தெரிந்த மனிதர், இருபது வயதுப் பையனாக இருந்தபோது காசுக்காகக் கிறுக்கியதைத் திருத்திக்கொண்டிருந்தார்! இந்தக் காட்சியை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

1901இல் நடிகை ஓல்கா கினிப்பரை மணந்தார். 1904 ஜனவரியில் ‘செர்ரிப் பழத்தோட்டம்’ மேடையேறியது. அந்த ஜூலை 15ஆம் தேதி ஜெர்மனியில் பாடென்வைலர் என்ற ஊரில், டாக்டர் கொடுக்கச் சொன்ன ஒரு கோப்பை ஷாம்பேனைக் குடித்துவிட்டு ஒருக்களித்துப் படுத்தார்; எழவில்லை. வயது 44. உடலை மாஸ்கோவுக்குக் கொண்டுவந்தது சிப்பி ஏற்றுகிற குளிர்பதன ரயில் பெட்டியில். அவரே ஒரு கதையில் எழுதியிருக்கக்கூடிய முடிவு!

தங்கைக்கு

என் அன்புத் தங்கைக்கு இப்போது பதில் சொல்கிறேன். படிப்பை விடாதே. செகாவ் விடவில்லை. வேலை அவருடைய எழுத்தைக் கொல்லவில்லை. வண்டிக்காரரையும் குமாஸ்தாவையும் நோயாளியையும் அவர் கண்முன் கொண்டுவந்து நிறுத்தியது. நாளைக்கு நீ போகிற ஒர்க்ஷாப்பிலும், சைட்டிலும், கம்ப்யூட்டர் அறையிலும் அதே மாதிரி மனிதர்கள் நிற்பார்கள். யாரிடமும் சொல்ல முடியாத துயரம் ஒன்று அவர்களிடமும் இருக்கும்.

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் அவரைப் பின்பற்றாதே. உடம்பைக் கவனித்துக்கொள். இரவு முழுக்க முழித்து எழுதுவது பெருமை இல்லை.

மற்றபடி, அந்த ஏழு கதைகளையும் தூக்கி எறிந்துவிடாதே. இந்த ஆண்டு சங்கமத்துக்கு ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு வா. உனக்கு ரொம்பப் பிடித்த ஒன்றாக இருக்கட்டும். அதே வேப்பமரத்தடியில் உட்காருவோம். சிவப்புப் பேனா நான் கொண்டுவருகிறேன். முதல் பக்கத்தை அடிக்கும்போது கோபப்படக் கூடாது, அவ்வளவுதான்.

– இயந்திரவியல் துறை, 2011ஆம் ஆண்டு அணி